மூச்சு வாங்கும் ரோபோ

"புஸ்ஸ்..." என்று முதலில் சத்தம்தான் வந்தது. பிறகு ஆவி. ஆவி கலைந்த பிறகுதான் மேஜைமேல் ஒரு ரோபோ நிற்பது தெரிந்தது.

ஒரு காலத்தில் அது பேட்டரி பொம்மை. பேட்டரி கசிந்து வயிறெல்லாம் அரித்துப்போய்க் குப்பைக்கு வந்ததை, குக்கர் ரிப்பேர் செய்யும் மாசிலாமணி எடுத்து வைத்துக்கொண்டார். ஒயர்களைப் பிடுங்கிப் போட்டார். நெஞ்சுக்குள் சின்னப் பித்தளைக் கொதிகலன், அதனடியில் ஸ்பிரிட் விளக்கு, இடுப்பில் பிஸ்டன். குக்கர்க்காரர் கை அதோடு நிற்குமா? தலையில் ஒரு குக்கர் வெயிட்டை உட்கார வைத்தார். தோளில் துளை போட்டு, குக்கரின் சேஃப்டி வால்வில் வைக்கும் ஈயக்கலவைத் துண்டு ஒன்றால் அடைத்தார்.

ரோபோ நடந்தது. ரப்பர் வளையங்களை மேஜையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தூக்கிப்போய் வைப்பது அதன் வேலை. ஆனால் நாலு எட்டு நடப்பதற்குள் வெயிட் எழும்பிச் சீறிவிடும்.

ரிப்பேருக்குக் கொடுத்த குக்கரை வாங்க வந்த ரெஜினா சிரித்துவிட்டாள். "என்னண்ணே, உங்க பொம்மைக்கு இப்படி மூச்சு வாங்குது! ஆஸ்துமாவா?"

"வாங்கட்டுமே. எனக்குந்தான் வாங்குது" என்றார் மாசிலாமணி.

ரோபோவுக்குச் சுருக்கென்றது. பேட்டரி காலத்தில் அது யார் முன்னாலும் மூச்சிரைத்ததே இல்லை.

மறுநாள் ரெஜினா தங்கையையும் கூட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தாள்.

"தம்பி, இவங்க போற வரைக்கும் நீ வாயத் தொறக்காத" என்றது ரோபோ வெயிட்டிடம்.

"உள்ள சூடு ஏறுதேண்ணே."

"ஏறட்டும். நான் தாங்கிக்குவேன்."

"நீ தாங்குவ, சரி..." வெயிட் மேலே ஏதோ சொல்ல வந்து, பேசாமல் அழுந்தி உட்கார்ந்துகொண்டது.

"பாருடி, இன்னிக்கு என்ன அமைதியா நடக்குது!" என்றாள் ரெஜினா.

ரோபோவின் நெஞ்சு விம்மியது. அதைப் பலம் என்றே அது நினைத்தது.

வந்த நாளாக ஒரு வார்த்தை பேசாத ஈயத்துண்டு மெல்லக் கூப்பிட்டது. "அண்ணே, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"கொஞ்சம் பொறுடா. இப்பப் போயிடுவாங்க."

"சரிண்ணே."

அவ்வளவுதான் அது பேசியது. உருகி வழிந்தது. தோள் துளை வழியாக ஆவி மொத்தமும் பீறிட்டு வெளியேற, ரோபோ அப்படியே நின்றுபோனது. பெண்கள் இருவரும் பின்வாங்கினார்கள். மாசிலாமணி ஓடிவந்து விளக்கை அணைத்தார்.

"வெயிட்டு ஒட்டிக்கிச்சு போல. நல்லவேளை, இது உருகிச்சு. இல்லன்னா நெஞ்சே வெடிச்சிருக்கும்" என்றார்.

மேஜையில் பொட்டாக உறைந்திருந்த ஈயத்தைச் சுரண்டி, குப்பையில் தட்டினார். துளைக்கு வேறொரு துண்டை வைத்து அடைத்தார். தண்ணீர் ஊற்றி மறுபடி விளக்கை ஏற்றினார்.

"தம்பி, ஒரு மாதிரியா இருக்குன்னு சொன்னியே, அப்பவே நான்..." என்று தொடங்கியது ரோபோ.

"நான் எப்பண்ணே சொன்னேன்? இப்பத்தானே வந்திருக்கேன்" என்றது புதுத் துண்டு.

ரோபோ குப்பையைப் பார்த்தது. தண்ணீர் கொதித்தது. அந்தப் பெண்கள் இன்னும் வாசலில்தான் நின்றிருந்தார்கள்.

"சூடு தாங்குதாடா?"

"இப்போதைக்குத் தாங்குதுண்ணே."

ரோபோ வெயிட்டை அழைத்தது. "விட்டுடு."

"அவங்க பாக்குறாங்களேண்ணே?"

"பாக்கட்டும்."

வெயிட் எழும்பியது. பெண்கள் சிரித்தார்கள். ரோபோ குனிந்து, அடுத்த ரப்பர் வளையத்தை எடுத்துக்கொண்டு நடந்தது.