காந்தத்துக்கு வராதவை

குருவைவிடச் சீடருக்குப் பன்னிரண்டு வயது அதிகம்.

குரு பர்வீன், உயிரணு ஆய்வகத்தின் தலைவி. சீடர் குமரேசன், இருபது வருஷம் பள்ளியில் விலங்கியல் நடத்திவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். அவர் இவரை மேடம் என்பார், இவர் அவரை சார் என்பார். சிஷ்யனுக்குக் குரு மரியாதை கொடுக்கிற மடம் இது ஒன்றுதான் என்று மற்றவர்கள் சிரிப்பார்கள்.

உயிரணுக்களுக்கு இரும்பு நானோ துகள்களை ஊட்டுவது குமரேசனின் வேலை. அவை விழுங்கியதும் கண்ணாடித் தட்டின் ஓரத்தில் காந்தத்தை வைப்பார். உயிரணுக்கள் அந்தப் பக்கம் நகரும்.

இரும்பு அதிகமாகி முதல் தட்டு செத்தது. இரண்டாவதும் செத்தது. மூன்றாவதுதான் கடைசி. அதற்குமேல் உயிரணு இல்லை, ஆராய்ச்சியும் இல்லை.

ஐந்து நாள் சொன்னபடி நகர்ந்தவை ஆறாம் நாள் மந்தமாயின. ஒன்பதாம் நாள் அசையவில்லை. இன்னும் பெரிய காந்தம் வைத்தார். அப்போதும் அசையவில்லை.

பர்வீன் வந்தபோது அவர் மேசையைத் துடைத்துவிட்டுப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க சார் கிளம்பிட்டீங்க?"

"இதையும் கொன்னுட்டேன் மேடம். காந்தத்துக்கு வரலை."

பர்வீன் தட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். முதலில் எத்தனை உயிரணுக்கள் போட்டீர்கள் என்று கேட்டார். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் என்றார் குமரேசன்.

"நடுவுல பாருங்க."

நான்கு நாளாகக் காந்தம் இருந்த ஓரத்தை மட்டுமே பார்த்தவர், இப்போது நடுவில் பார்த்தார். இடமே இல்லை. தோளோடு தோள் ஒட்டி, நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. ஒன்று இரண்டாகப் பிரியும்போதெல்லாம் இரும்பையும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டிருந்தன. இப்போது ஒவ்வொன்றிடமும் மிச்சமிருந்தது காந்தம் பிடிக்கப் போதாத துளி.

குமரேசன் ஸ்டூலில் உட்கார்ந்தார். கட்டிய பையைக் கீழே வைத்தார். ஆனாலும் பள்ளிக்கூடத்து வாத்தியார் அவருக்குள் அடங்கவில்லை.

"உயிரோட இருக்கு, சரி. பேச்சைக் கேட்கலையே மேடம்."

பர்வீன் குளிர்பெட்டியிலிருந்து வேறொரு தட்டை எடுத்துவந்து அவர் முன் வைத்தார். சின்னக் காந்தத்தை இடப்பக்கம் காட்டினார். எல்லாம் இடப்பக்கம் போயின. வலப்பக்கம் காட்டினார். ஒன்றுகூடப் பின்தங்காமல் வலப்பக்கம் வந்தன.

குமரேசன் வாய்பிளந்து பார்த்தார். இவ்வளவு பணிவாக நடக்கும்படி வளர்த்தது யார் என்று கேட்டார்.

"நீங்கதான் சார். இது உங்க முதல் தட்டு."