மனு எழுதுகிறவரும் எட்டு வரிப் பத்தியும்

“படிச்சதெல்லாம் எனக்குப் புரியுது டீச்சர். மார்க்குதான் வர மாட்டேங்கு” என்றார் மாசிலாமணி.

ஷமீமா டீச்சர் அவரை பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

மாசிலாமணிக்கு நாற்பத்து நாலு வயது. டீச்சருக்கு இருபத்தெட்டு. சைக்கிள் கடை மாடியில் தகரக் கூரைக்குக் கீழே, காலை ஆறு மணிக்கு, நுழைவுத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு அவர் வாசிப்புப் பயிற்சி நடத்தி வந்தார்.

மாசிலாமணி தாலுகா அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு இருபத்திரண்டு வருடமாக மனு எழுதுகிறவர். பட்டா, பாகப்பிரிவினை, முதியோர் உதவி, குடும்ப அட்டை, எதுவானாலும் சரி. வந்தவர் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் பேனாவைத் திறந்துவிடுவார். நாலாவது வாக்கியத்தில் கையெழுத்துக்காகத் தாளைத் திருப்பிவிடுவார்.

மாசிலாமணி எழுதினால் காகிதமே பேசும் என்று ஊரில் அவருக்குப் பேர்.

மாலை நேரச் சட்டக் கல்லூரியில் சேர வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. அதன் நுழைவுத் தேர்வை இரண்டு தடவை எழுதிவிட்டார். பொது அறிவிலும் கணக்கிலும் குறைவில்லை. பத்தியைப் படித்து விடை சொல்லும் பகுதியில்தான் இரண்டு தடவையும் கோட்டை விட்டார். நாற்பத்தைந்து தாண்டினால் அந்தக் கல்லூரியில் விண்ணப்பமே வாங்க மாட்டார்கள். இதுதான் கடைசித் தடவை.

டீச்சர் ஒரு தாளை எடுத்து வைத்தார். எட்டு வரிப் பத்தி, ஐந்து கேள்விகள்.

ஒரு ஊரில் கிணறு இருந்தது. ஆனால் மக்கள் குளத்துத் தண்ணீரையே குடித்தார்கள். கிணற்றை வெட்டியவரின் மகள் அதில் விழுந்து இறந்த நாளிலிருந்து யாரும் அதில் வாளி விடவில்லை. பத்தி சொன்னது இவ்வளவுதான்.

மாசிலாமணி ஒரே நிமிடத்தில் விடைகளைக் குறித்துக் கொடுத்தார். ஐந்தில் மூன்று தவறு. டீச்சர் பென்சிலால் மூன்றையும் வட்டமிட்டார்.

மக்கள் ஏன் கிணற்று நீரைக் குடிக்கவில்லை என்ற கேள்விக்கு, உப்புத் தண்ணீர் என்று குறித்திருந்தார்.

மாசிலாமணி விடவில்லை. கிழக்கே பூராவும் உப்புக் கிணறுதான் என்றார். இது சம்பந்தமாகத் தான் மட்டும் நூறு மனுவாவது எழுதியிருப்பதாகச் சொன்னார்.

“உப்புன்னு பத்தியில எங்க இருக்கு, அண்ணாச்சி?”

“இல்லாட்டி என்ன? வேற எதுக்குக் கிணத்துத் தண்ணிய வேண்டாங்கப் போறாங்க?”

டீச்சர் சிரித்துவிட்டு, நாளைக்கு வாருங்கள் என்றார்.

மறுநாள் வேறொரு தாள் கொடுத்தார். தபால்காரர் ஒருவரையும் அவரைத் தினமும் பின்தொடர்ந்த நாயையும் பற்றிப் பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நாலு விடைகள். நாய் ஏன் பின்தொடர்ந்தது, தபால்காரர் ஏன் பாதையை மாற்றினார், கடைசியில் யாருக்குக் கடிதம் வந்தது.

மாசிலாமணி மடமடவென்று பத்தையும் குறித்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நேற்றுப் போன மானத்தை இன்றைக்கு மீட்டுவிட்டோம் என்று அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்.

டீச்சர் அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை. மேசைக்குள்ளிருந்து இன்னொரு தாளை எடுத்து நீட்டினார்.

“இது என்ன?”

“நீங்க விடை சொன்னீங்களே, அந்தப் பத்தி.”

மாசிலாமணி முதல் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் பார்த்தார். கேள்விகள் மட்டும்தான் இருந்தன.

“நீங்க பத்தியே தரலியே டீச்சர்.”

“நீங்க கேக்கவே இல்லியே, அண்ணாச்சி.”

மூன்று நாள் அவர் வகுப்புக்குப் போகவில்லை. சின்னப் பிள்ளையிடம் போய் மூக்கறுபட்டு வந்தோமே என்று ஆத்திரம். நாலாவது நாள் ஆறு மணிக்கு முன்னாலேயே போய் நின்றார். கையில் ஒரு பொட்டலம் பனங்கற்கண்டு.

“உங்களுக்கு இருமல் இருக்குல்லா” என்றார்.

டீச்சர் பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். ஒரு துண்டை அவரிடம் கொடுத்தார். அதோடு மூன்று நாள் வருத்தமும் போயிற்று.

பிறகு பயிற்சி மாறியது. கேள்வியே கிடையாது. பத்தியைப் படிக்க வேண்டும்; தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதில் இருந்ததை மட்டும் சொல்ல வேண்டும். ஒரு சொல்லைச் சொந்தமாகச் சேர்த்தாலும் டீச்சர் விரலால் மேசையைத் தட்டுவார்.

முதல் வாரம் தட்டிக்கொண்டே இருந்தார்.

விதவை என்று படித்தால் மாசிலாமணி ‘ஏழை விதவை’ என்று சொன்னார். மாமியார் என்று இருந்தால் அந்த மாமியார் கொடுமைக்காரி ஆகிவிட்டாள். ஒரு பத்தியில் அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். இவர் சொன்னபோது வீட்டுக்கு நடுவில் சுவர் எழும்பிவிட்டது.

“இல்லாததை எங்கேருந்து கொண்டு வாரீங்க?” என்று டீச்சர் ஒருநாள் ஆச்சரியமாகவே கேட்டார்.

“எல்லார் கதையும் இப்படித்தான டீச்சர் போகும்?”

டீச்சர் மேசையைத் தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, மாசிலாமணியின் மேசைக்கு முன்னால் ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்தாள். ஐம்பது வயதிருக்கும். பெயர் ஆவுடையம்மாள். போன வருடம் இவரிடம் மனு எழுதியதாகச் சொல்லி, நாலாக மடித்த நகலை எடுத்துக் கொடுத்தாள்.

மாசிலாமணிக்கு அந்த முகம் ஞாபகம் இல்லை. நகலில் இருந்தது அவர் எழுத்துதான். கீழே அந்த அம்மாளின் கைநாட்டு.

‘என் ஒரே மகன் கொம்பையா எனக்கு ஒருவேளைச் சோறுகூடப் போடாமல் கைவிட்டுவிட்டபடியால்’ என்று தொடங்கியது மனு. நல்ல மனு. எங்கே அழுத்த வேண்டுமோ அங்கே அழுத்தி, எங்கே இரங்க வைக்க வேண்டுமோ அங்கே இரங்க வைத்து எழுதியிருந்தது.

“நீங்க சரியாத்தான் எழுதிருப்பீங்கய்யா. ஆபீஸ்லதான் மாத்திப் படிச்சிட்டாங்க” என்றாள் அவள்.

மாசிலாமணியின் கை வழக்கம்போலப் பேனா மூடியில் இருந்தது. கையை எடுத்து மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

“அன்னைக்கு என்ன சொன்னீங்களோ அதை முதல்லேருந்து சொல்லுங்கம்மா.”

அவள் சொன்னாள். நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவர் குறுக்கிடவில்லை.

அவளுடைய மகன் கொம்பையா ஊர்க் குடிதண்ணீர்த் தொட்டியில் மோட்டார் போடுகிற வேலையில் இருக்கிறான். இரண்டு பேர் பார்த்த வேலை. ஒருவர் நின்றுபோனதும் பகலும் இரவும் அவன் தலையில் விழுந்தது. வீட்டில் உட்கார்ந்து சோறு தின்னவே அவனுக்கு நேரமில்லை. இன்னொரு ஆளைப் போடச் சொல்லித்தான் அவள் மனு எழுத வந்தாள்.

போன வருடம் இதே மேசைக்கு முன்னால் அவள் சொன்ன முதல் வாக்கியம் இதுதான்: “எம் மகனுக்கும் சோத்துக்கும் தொடுப்பே இல்லாமப் போச்சுய்யா.”

மகன் என்ற சொல்லும் சோறு என்ற சொல்லும் விழுந்த உடனே மாசிலாமணி எழுத ஆரம்பித்திருக்கிறார்.

தாசில்தார் கொம்பையாவைக் கூப்பிட்டனுப்பினார். பெற்ற தாய்க்குச் சோறு போட மாட்டாயாமே என்று பத்துப் பேர் முன்னால் கேட்டார். கொம்பையா மனுவை வாங்கித் தானே படித்துப் பார்த்தான். அம்மாவின் கைநாட்டையும் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டான். அன்றிலிருந்து மோட்டார் அறையிலேயே படுக்கை. மாதம் தவறாமல் வீட்டுக்கு அரிசி வருகிறது. அவன் வருவதில்லை.

“நான் அப்படிச் சொல்லலடான்னு எத்தனையோ தடவ சொல்லிட்டேன். ‘எழுதியிருக்கே’ங்கான். எனக்குப் படிக்கத் தெரியாதே, நான் என்னத்தக் காட்ட?”

மாசிலாமணி நினைத்தால் சும்மா இருந்துவிடலாம். அவளாகவே ஆபீசின் மேல் பழியைப் போட்டுவிட்டாள். இன்னொரு மனு எழுதிக் கொடுத்தால் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவாள்.

“ஆபீஸ்ல மாத்திப் படிக்கலம்மா. நான்தான் மாத்தி எழுதிட்டேன்.”

ஆவுடையம்மாள் அவரைப் பார்த்தாள். பிறகு நகலைப் பார்த்தாள். அவளுக்கு அதில் தெரிந்தது கைநாட்டு மட்டும்தான்.

அதை மறுபடி நாலாக மடித்து வைத்துக்கொண்டு, “சரி, இப்ப நேரா எழுதுங்க” என்றாள்.

அன்று காலை முழுவதும் மாசிலாமணி அந்த ஒரு மனுவைத்தான் எழுதினார். ஒவ்வொரு வாக்கியமும் எழுதி வாசித்துக் காட்டினார். அவள் தலையாட்டிய பிறகே அடுத்ததற்குப் போனார். முடித்தபோது அரைப் பக்கம்கூட வரவில்லை. அதற்குள் தாசில்தார் வெளியூர் கிளம்பிப் போயிருந்தார். திங்கட்கிழமைதான் கொடுக்க முடியும்.

சனிக்கிழமை டீச்சரிடம் கடைசி மாதிரித் தேர்வு. எல்லாரும் எழுதிக்கொண்டிருக்கும்போது மாசிலாமணி மட்டும் வினாத்தாளை வாங்காமல் நின்றார். சட்டைப் பையிலிருந்து மனுவை எடுத்துக் கொடுத்தார். நடந்ததையெல்லாம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“இருபத்திரண்டு வருசம் டீச்சர். எத்தனை பேருக்கு இப்படி எழுதினேனோ.”

டீச்சர் மனுவை மெதுவாகப் படித்தார். தலைப்பிலிருந்து தேதி வரை படித்தார்.

பிறகு பென்சிலை எடுத்தார். மனு முழுவதிலும் ஒரே ஒரு இடத்தில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

‘பெறுநர்: வட்டாட்சியர் அவர்கள்’ என்ற வரியைச் சுற்றி இருந்தது அந்த வட்டம்.

மாசிலாமணி அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

“அண்ணாச்சி, மாதிரித் தேர்வு?” என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

“அதை எழுதத்தான் போறார்” என்றார் டீச்சர்.

மறுநாள் தேர்வில் மாசிலாமணிக்கு நேரம் போதவில்லை. கடைசி இரண்டு பத்திகளைத் தொடவே முடியவில்லை. ஆனால் படித்த ஏழு பத்திகளில் ஒரு கேள்விகூடத் தவறவில்லை. கல்லூரியின் இரண்டாவது சேர்க்கைப் பட்டியலில் அவர் பெயர் வந்தது. அதெல்லாம் பிறகு.

அந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கு அவர் ஆவுடையம்மாளைக் கூட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தார்.

கொம்பையா மோட்டார் அறை வாசலில் நின்று கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அம்மாவைப் பார்த்தான். கூட நின்ற ஆளை யாரென்று கேட்டான்.

“போன வருசம் அந்த மனுவை எழுதினது நான்தான்” என்றார் மாசிலாமணி. “உங்க அம்மா சொன்னதை முழுசாக் கேக்காம எழுதிட்டேன். சொன்னது இதுதான்.”

கொம்பையா அவரை ஏற இறங்கப் பார்த்தான். அடித்துவிடுவானோ என்றுகூட மாசிலாமணிக்குத் தோன்றியது. அடித்தால் வாங்கிக்கொள்வது என்றுதான் நின்றார்.

அவன் தாளை வாங்கினான். நின்றபடியே படித்தான்.

‘என் மகன் கொம்பையா ராத்திரி வேலையும் பார்க்கான். பகல் வேலையும் பார்க்கான். ராத்திரி வேலை என்றால் பகலில் சாப்பிட வருவான். பகல் வேலை என்றால் ராத்திரி வருவான். ரெண்டும் பார்த்தால் எப்போது வருவான்? இன்னொரு ஆள் போட வேண்டும். நான் ரெண்டு பேருக்குத்தான் சோறு பொங்குகிறேன். ஒரு ஆள் சோறு தினமும் மிஞ்சுகிறது.’

முடித்துவிட்டு இன்னொரு தடவை மேலேயிருந்து படித்தான். கைநாட்டு இருந்த இடத்தைப் பெருவிரலால் தடவினான். அவன் விரலில் மிச்சமிருந்த கிரீஸ் அதில் அப்பிக்கொண்டது.

உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு அவன் அம்மாவைப் பார்த்துக் கேட்டான்.

“இன்னைக்கு என்ன கொழம்பு?”