வெள்ளிக்கிழமை வாங்கிய வேன்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, புளியங்குளத்தின் முப்பத்தொரு ஆமைகளுக்காகப் பழைய வேன் ஒன்று வாங்க மாசிலாமணி என்ற ஆமை புறப்பட்டது. தங்கை செங்கமலமும் கூடப் போனது.

குளத்தில் சேறுதான் மிச்சம். அடுத்த தண்ணீர் பாறைப் பொட்டலுக்கு அப்பால் இருக்கும் அணையில்தான். நடந்தால் ஆமைக்கு மூன்று நாள். வழியில் நிழல் கிடையாது. குஞ்சுகள் முதல் நாளே சுருண்டுவிடும். வேனில் போனால் ஒரு மணி நேரம். குளமே சேர்ந்து சேமித்த கருவாட்டுக்கு ஒரு பழைய வண்டிதான் கிடைக்கும். அது பழுதானால் இன்னொன்றுக்கு வழியில்லை.

ஆலமரத்தடியில் கீரி தங்கப்பாண்டி வண்டி வியாபாரம் செய்துவந்தது. அங்கே நீல வேன் ஒன்று பளபளவென்று நின்றது. டயருக்குக் கருப்புப் பாலிஷ், முன்கண்ணாடியில் குங்குமம். மாசிலாமணிக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஒரே குடும்பம் வைத்திருந்த வண்டி, கோயிலுக்குப் போய்வந்ததைத் தவிர ஓடியதே இல்லை என்றது கீரி.

செங்கமலம் பம்பரில் ஏறி பானெட்டைத் தொட்டது. சுட்டது.

"என்ன தம்பி, இப்பவே இவ்வளவு சூடு? நாங்க வர்றதுக்கு முன்னாடி ஓட்டினீங்களா?"

"வெயில்ல நிக்குதுல்லம்மா, சுடாம என்ன செய்யும்?"

வேன் நின்றது ஆலமர நிழலில்.

செங்கமலம் அண்ணனைத் தள்ளிக்கொண்டு போய்ப் பேசியது. பழைய இன்ஜினை ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்தால்தான் அதன் நோய் தெரியும். சூடாக்கி வைத்து விற்கிறவன் எதையோ மறைக்கிறான். மெக்கானிக் மரங்கொத்தி எபினேசர் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறது. எங்கே தகரம், எங்கே பட்டி பூசி மறைத்திருக்கிறது என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடும். ரேடியேட்டரையும் பார்க்கும். அதுவரை பொறுப்போம் என்றது.

கீரிக்குக் காது கூர்மை.

"அண்ணாச்சி, மரங்கொத்தி கொத்துனா புது வண்டியிலயும் ஓட்டை விழும். பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி எடுத்தா உங்களுக்குத்தான் நல்லது. இல்லேன்னா மத்தியானம் ஒரு பன்னிக் குடும்பம் வருது. உங்க இஷ்டம்."

புளியங்குளத்து ஆமைகள் ராகு காலத்தில் முட்டைகூட இடுவதில்லை. மாசிலாமணி சூரியனை அண்ணாந்து பார்த்தது.

"நாளைக்கு வருவோமே அண்ணே."

"நாளைக்கு அஷ்டமி. மறுநாள் நவமி. அதுக்குள்ள சேறும் காஞ்சிரும்."

பத்தரைக்குச் சற்று முன்பு கருவாட்டு மூட்டைகள் கைமாறின. கீரி டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தானே ஒரு சுற்று ஓட்டிக் காட்டியது. வண்டி பூப்போல ஓடியது. எபினேசர் வந்தபோது ஆலமரத்தடியில் நசுங்கிய பழங்கள்தான் கிடந்தன.

அன்று பகலிலேயே முப்பத்தொரு ஆமைகளும் ஏறின. ஸ்டீயரிங்கில் மாசிலாமணி, பிரேக்கில் ஒன்று, ஆக்ஸிலரேட்டரில் ஒன்று. குஞ்சுகள் காய்ந்துவிடாமல் நனைக்க, சேற்றிலிருந்து வடித்த நான்கு குடம் தண்ணீர் எடுத்துக்கொண்டன. அதுதான் குளத்தின் கடைசித் தண்ணீர்.

பொட்டலின் நடுவில் பானெட்டிலிருந்து ஆவி பீறிட்டது. ரேடியேட்டரில் சோப்பு வைத்து அடைத்திருந்த ஓட்டை திறந்துகொண்டது. வண்டி நின்றது.

எல்லாரும் வண்டிக்கு அடியில் படுப்போம், குஞ்சுகளுக்குத் தண்ணீர் தெளிப்போம், வெயில் தாழ்ந்ததும் நடப்போம் என்றது செங்கமலம். மாசிலாமணி குடத்தைத் தூக்கியது.

"அது புள்ளைங்க தண்ணி அண்ணே."

"வண்டி ஓடுனா அரை மணி நேரத்துல அணை. ஊரே சேர்ந்து குடுத்ததுல வாங்கினது. நடுவழியில விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

நான்கு குடத்தையும் ஊற்றியது. வேன் கூப்பிடு தூரம் ஓடியது. பிறகு இன்ஜின் இறுகி, திரும்பக் கிளம்பவில்லை. தண்ணீர் பாறையில் வடிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது. குஞ்சுகள் பாறையை நக்கின.

சாயங்காலம், நடக்க முடிந்தவற்றை அழைத்துக்கொண்டு செங்கமலம் புறப்பட்டது. அண்ணனையும் கூப்பிட்டது. மாசிலாமணி ஸ்டீயரிங்கை விட்டு இறங்கவில்லை.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவேன்?" என்று கேட்டுவிட்டுத் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள், நல்ல நேரம் கடந்துபோனாலும், மெக்கானிக் வந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும்.

மே மாதம் 14-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, செங்கமலமும் எட்டு ஆமைகளும் அணைக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் குஞ்சு எதுவும் இல்லை.