மேனேஜர் காட்டிய மரியாதை

மழைக்காலம் வந்தால் எங்கள் எஸ்டேட் கிளப்பில் போக்கர் சீட்டாட்டப் போட்டி நடக்கும். ஜெயித்தவர் பெயரைச் சுவர்ப்பலகையில் எழுதுவார்கள். அந்த வருஷம் கடைசியில் மிஞ்சியது மேனேஜர் செல்வநாயகமும், ஆள் குறைந்ததால் உட்காரவைத்த டீ மாஸ்டர் மருதையாவும்.

மேனேஜர் தன் முன்னாலிருந்த பந்தயக் காயின் அத்தனையையும் நடுவில் தள்ளினார். அதற்கு ஈடாகத் தன் காயினையும் வைத்துத் தோற்றால் மருதையா வெளியே.

"ஐயா, டீ கொண்டாரட்டுமா?" என்றார் மருதையா.

"வேண்டாம் மருதையா, நீங்க நிதானமா ஆடுங்க."

"அப்ப நானும் மொத்தத்தையும் வைக்கேன்."

சீட்டைத் திருப்பினால், மருதையாவிடம் வெறும் ஒரு ஜோடி நாலு இருந்தது. மேனேஜரிடம் அதுகூட இல்லை, காயினைத் தள்ளியது வெறும் மிரட்டல்.

"எப்படிடா கண்டுபிடிச்சே?"

"பதினாலு வருஷமா டீ தாரேன். நல்ல சீட்டு வந்தா, 'போடா அந்தப் பக்கம்'னுதான் சொல்லுவீங்க."

கிளப்பை இடித்தாயிற்று. இன்றைக்கும் பெரிய மனிதர் யாராவது "வாங்க, உட்காருங்க" என்றால், எனக்கு மருதையா ஞாபகம்தான் வருகிறது.