கடைசி சாக்கெட்

மடத்துத் தொட்டிக் குழாய் மூன்று நாளாக ஒழுகியது. அதை அடைக்கப் போய், குழாயை இணைக்கும் சாக்கெட் இரண்டு உடைந்ததுதான் மிச்சம்.

உடைத்தவர் சுடலையாண்டி. வயது அறுபத்தைந்து. முப்பது வருஷம் நகராட்சிக்கு இரும்புக் குழாய் மாட்டியவர். குழாய் நுனியின் திருகு மரையில் சணலைச் சுற்றி, ரெஞ்சில் முழு உடம்பையும் தொங்கவிட்டுத் திருகுவார். அவர் மாட்டியது ஒழுகியதாகப் பேச்சே கிடையாது. இது பிளாஸ்டிக். இதற்கும் அதே திருகல்.

மறுநாள் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள் முந்நூறு பேர் சாப்பிட வருகிறார்கள். தொட்டிக்குத் தண்ணீர் வாரம் ஒருமுறைதான். இப்படியே ஒழுகினால் உலை வைக்கக்கூட மிஞ்சாது. கையில் இருப்பது ஒரே ஒரு சாக்கெட். கடை பன்னிரண்டு மைல்.

சுடலையாண்டி தொட்டியடியில் உட்கார்ந்துவிட்டார். ஆறு மாசம் முன்னால் மடத்துக்கு வந்த அன்றும் இப்படித்தான் உட்கார்ந்தார். மகளுக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போன் பண்ணுவாராம், சாப்பிட்டியா, கதவைப் பூட்டினியா என்று. அவள் எடுப்பதையே விட்டுவிட்டாள். மடத்துச் சாமி அன்று அதைக் கேட்டுக்கொண்டதோடு சரி.

சாமி அவரைவிட இருபது வயது இளையவர். பக்கத்தில் வந்து குந்தினார்.

"என்ன அண்ணாச்சி?"

"இறுக்கினா ஒழுகாது. இதுதானே சாமி நான் படிச்ச ஒரே படிப்பு. இது ஏன் இறுக்க இறுக்க ஒழுகுது?"

சாமி சமையற்கட்டுப் பக்கம் திரும்பி, சமைக்கிற பேச்சியம்மாளைக் கூப்பிட்டார்.

அவளுக்கு மூட்டு வாதம். விரலெல்லாம் வீக்கம். ஊறுகாய் பாட்டிலைத் திறக்கவே ஆள் தேடுகிறவள் குழாய் மாட்டவா என்று சிரித்தாள். அண்ணாச்சியை விட்டால் தொட்டியையும் சேர்த்துத் திருகிவிடுவார் என்றும் சொல்லிக்கொண்டாள்.

தொட்டிக்குள் துளையைத் துணியால் அடைத்தார்கள். சாமி மரை ஓடும் பக்கமாகவே, ஒழுகாமல் இருக்கச் சுற்றும் டேப்பைச் சுற்றினார். மூன்று சுற்று. சுடலையாண்டி முன்பு சுற்றியது இருபது. பேச்சியம்மாள் கடைசி சாக்கெட்டை வைத்துக் கையால் திருகினாள். நின்ற இடத்தில் விட்டுவிட்டாள்.

"இதுக்கு மேல வராது சாமி."

துணியை எடுத்தார்கள். இணைப்பில் ஒரு சொட்டு வந்து தொங்கியது.

சுடலையாண்டி ரெஞ்சை எடுத்தார். தோள் தானாக உயர்ந்தது.

"ஒரு சுற்று" என்றார் சாமி. எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

சுடலையாண்டி திருகினார். ஒரு சுற்று ஆயிற்று. இன்னும் போகும் என்று கைக்குத் தெரிந்தது. முப்பது வருஷப் பழக்கம், போ போ என்றது. சாமி இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ரெஞ்சைக் கழற்றிக் கீழே வைத்தார்.

சொட்டு நின்றது.

மறுநாள் முந்நூறு பேர் சாப்பிட்டுக் கை கழுவிப் போனார்கள். சாயங்காலம் சுடலையாண்டி இணைப்பின் அடியில் விரலை வைத்துப் பார்த்தார். ஈரம் இல்லை.

"சரி பண்ணினது பேச்சியம்மாதான், சாமி."

"அவளுக்குத் தெம்பு இல்லை, விட்டுட்டா. தெம்பு இருக்கும்போதே விட்டது நீங்க, அண்ணாச்சி."