பத்து நாளில் முந்நூறு வருஷம்

கிரேக்க நாட்டில் பெத்ரினா என்றொரு மலையுச்சி நகரம் இருந்தது. இன்றைக்கு அங்கே போனால் பாதித் தூண்களும் கூரையில்லாத கோயிலும் மூக்கில்லாத சிலைகளும்தான் இருக்கும். அறிஞர்களில் ஒரு சாரார் நிலநடுக்கம் என்பார்கள். மறு சாரார் படையெடுப்பு என்பார்கள். இரு சாராரும் தடித்த புத்தகங்கள் எழுதி, அடிக்குறிப்புகளில் ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிறார்கள். உண்மையில் பெத்ரினாவை இடித்தவர்கள் பெத்ரினாக்காரர்கள்தான். பொறுப்பாக, பத்தே நாளில் இடித்தார்கள்.

காரணம் தண்ணீர். மலைமேல் கிணறு கிடையாது. அடிவாரத்து ஊற்றிலிருந்து குடம் குடமாகத் தூக்கி வர வேண்டும். அந்த ஊற்று எங்களுடையது என்று சமவெளியிலுள்ள லெய்மோன் ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். வெளியூர் நடுவர் ஒருவர் வந்து இரு தரப்பையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எது பழைய ஊரோ அதற்கே ஊற்று. லெய்மோனில் ஓர் இடிந்த கோயில் பார்த்தேன், நூறு வருஷம் இருக்கும். உங்கள் ஊர் இடிபாடுகளைப் பத்து நாள் கழித்து வந்து பார்க்கிறேன்."

பெத்ரினாவில் இடிபாடே கிடையாது. ஓர் ஓடு உடைந்தாலும் அன்றைக்கே மாற்றிவிடுகிற ஊர் அது. சபை கூடியது.

"நம்ம ஊர் எத்தனை வருஷப் பழசு?" என்று கேட்டார் சபைத் தலைவர் ஆர்க்கியாஸ்.

"முந்நூறு," என்றான் கொத்தன் லைக்கோன்.

"அப்படியென்றால் முந்நூறு வருஷத்துக்கு இடிக்க வேண்டும். இருப்பதோ பத்து நாள்."

"நாளுக்கு முப்பது வருஷம். காலையில் பதினைந்து, சாப்பிட்டுவிட்டுப் பதினைந்து. முடிச்சிடலாம் தலைவரே."

லைக்கோனின் மனைவி மெலித்தா எழுந்தாள். "ஊர் வாசல் கல்லிலேயே நகரம் உண்டான வருஷத்தை வெட்டி வைத்திருக்கிறார்களே. அதைக் காட்டினால் போதாதா?"

"நடுவர் இடிபாடு கேட்டார் அம்மா. கல்வெட்டா கேட்டார்?" என்றார் ஆர்க்கியாஸ்.

முதல் பதினைந்து வருஷத்திலேயே அந்தக் கல் தூளாகிவிட்டது.

ஊர்ச் சிற்பியிடம் முடிக்காத சிலை ஒன்று பாக்கி இருந்தது. மூக்கு மட்டும் இன்னும் செதுக்கவில்லை. அதை அப்படியே மூக்குடைந்த சிலையாக வைத்துவிடலாமே என்றார் அவர். மூக்கு இல்லாமல் மூக்கு எப்படி உடையும் என்று சபை கண்டித்தது. மூன்று நாள் உட்கார்ந்து அழகான மூக்கு ஒன்றைச் செதுக்கினார். நாலாம் நாள் உடைத்தார்.

ஒன்பதாம் நாள் லைக்கோன் தன் வீட்டுக்கு வந்தான், கடப்பாரையோடு.

"சமையல்கட்டையாவது விட்டு வையேன்," என்றாள் மெலித்தா.

"ஊரே விழுந்த பிறகு உன் சமையல்கட்டு மட்டும் முந்நூறு வருஷம் நின்றது என்றால் நடுவர் நம்புவாரா?"

"நான் உன்னைக் கட்டிக்கொண்டு வந்தபோது உன் புத்தி இப்படி இடியாமல்தான் இருந்தது," என்று அவள் சட்டிகளை வெளியே எடுத்து வைத்தாள். லைக்கோன் அவற்றில் இரண்டை உடைத்தான். சட்டி உடையாத இடிபாடு எங்கே இருக்கிறது?

பத்தாம் நாள் கடைசிச் சந்தேகம் வந்தது. இடிபாட்டில் ஆள் குடியிருப்பார்களா? மாட்டார்கள் என்று ஒருமனதாகத் தீர்மானித்து, ஊரே பாறைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது.

நடுவர் வந்தார். தூண்களைத் தடவினார். மூக்கு இருந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"முந்நூறு வருஷத்துக்குக் குறையாது. லெய்மோனைவிட இதுதான் பழைய ஊர்." பாறைக்குப் பின்னால் லைக்கோன் சந்தோஷத்தில் தலைவரின் தொடையைக் கிள்ளினான். நடுவர் குரலை உயர்த்தினார். "தீர்ப்பை வாங்கிக்கொள்ள யாராவது இருக்கிறீர்களா?"

"இல்லை ஐயா," என்றார் ஆர்க்கியாஸ், பாறையைவிட்டு வராமலே. "முந்நூறு வருஷமாக யாரும் இல்லை."

நடுவர் சட்டம் படித்தவர். கேட்ட சாட்சியத்தை அப்படியே எழுதிக்கொண்டார். ஆளில்லாத ஊருக்கு ஊற்று எதற்கு? அதை லெய்மோனுக்குக் கொடுத்தார். ஆனால் இறந்தவர்களுக்கு நீர் வார்ப்பது கிரேக்க வழக்கம் அல்லவா? ஆகவே லெய்மோன்காரர்கள் தினமும் காலையில் மலையேறி, பெத்ரினாச் சந்தை நடுவே ஆளுக்கொரு குடம் ஊற்ற வேண்டும் என்றும் விதித்தார்.

மறுநாள் அவர்கள் மூச்சிரைக்க வந்து ஊற்றிவிட்டுப் போனார்கள்.

"அவ்வளவும் மண்ணில் போகிறதே தலைவரே," என்றான் லைக்கோன். அவன் உதடு வெடித்திருந்தது.

"செத்தவர்களுக்கு அப்படித்தான் ஊற்றுவார்கள்."

"அப்போ செத்தவர்கள் எங்கே இருக்க வேண்டும்?" என்று கேட்டாள் மெலித்தா.

சபை இதை வெகுநேரம் யோசித்தது.

அதற்கடுத்த நாள் லெய்மோன்காரர்கள் வந்தபோது, சந்தை நடுவே பெத்ரினா முழுவதும் வரிசையாக மல்லாந்து படுத்திருந்தது, கண்ணை மூடி, வாயைத் திறந்து. அவர்கள் பயபக்தியோடு ஒவ்வொரு வாயிலும் வார்த்துக்கொண்டே வந்தார்கள். ஆர்க்கியாஸுக்குப் புரையேறியது. இருமினார்.

குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்த கிழவர் நின்றார். "செத்தவர் இருமுவாரா?"

"முந்நூறு வருஷத் தூசி ஐயா," என்றான் பக்கத்தில் கிடந்த லைக்கோன், கண்ணைத் திறக்காமல். "இன்னும் கொஞ்சம் ஊற்றுங்க, சரியாகிவிடும்."