ராணியின் பிள்ளைகள்

மீன் பண்ணை மேற்பார்வையாளர் தவசியப்பனுக்கு வயது ஐம்பத்தொன்பது. அவருக்கு மரபணுச் சோதனை கற்றுக்கொடுத்த செண்பகவடிவு இருபது வயது இளையவள். பாடம் என்று வந்துவிட்டால் வயதாவது ஒன்றாவது! அவர் ‘மேடம்’ என்பார். அவள் ‘அண்ணே’ என்பாள்.

ஆற்றில் மலைக்கெண்டை அற்றுப்போய்ப் பல வருஷம். கடைசியாக அகப்பட்ட சிலவற்றைத் தொட்டியில் வைத்துக் காப்பாற்றியவர் தவசியப்பன்தான். அந்தப் பொன்முதுகுகளை இன்னொரு தரம் ஆற்றில் பார்த்துவிட வேண்டும் என்று ஏங்கினார். ஓய்வு பெற இன்னும் பத்து மாதம்தான்.

ஆடிப்பெருக்கன்று பத்தாயிரம் குஞ்சுகளை ஆற்றில் விட ஏற்பாடு. முந்தின வாரம் குஞ்சுகளின் துடுப்பில் துணுக்கு வெட்டி, தாமே சோதித்தார். முடிவைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

“எல்லாம் ஒரே தாய்க்குப் பொறந்ததுன்னு வருது மேடம்.”

“தொட்டியில வேற தாயே இல்லையா?”

“இருந்துச்சு. ராணின்னு நான் பேரு வச்ச மீனுதான் பெரிசு, அழகு. வருஷா வருஷம் அவகிட்டேயே முட்டை எடுத்தேன்.”

“மத்தது?”

“வத்தலா இருந்துச்சு. ஒண்ணொண்ணா செத்துப் போச்சு.”

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, இவருக்கு ராணி. செண்பகவடிவு திட்டவில்லை.

“உங்க மகளுக்கு மாப்பிள்ளை எங்க பாத்தீங்க அண்ணே?”

“எட்டு ஊரு அலைஞ்சேன் மேடம்.”

“பங்காளி வீட்டுல நல்ல பையன் இருந்தானாமே. பக்கத்துத் தெருவுதானே?”

“அண்ணன் தங்கச்சி முறையாச்சே! அதெப்படி...”

சொல்லும்போதே தொட்டிப் பக்கம் திரும்பினார். தொட்டியில் குஞ்சுகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன.

“இதுங்க தங்களுக்குள்ளயே சேந்தா, ரெண்டு மூணு தலைமுறையில வம்சமே அத்துப்போகும். மேல்மடுவுல நாலஞ்சு மலைக்கெண்டை இன்னும் இருக்குன்னு மலைக்காரங்க சொல்றாங்க,” என்றாள் அவள். “பிடிச்சு, வேற வம்சமான்னு சோதிக்கணும். வேறயா இருந்தா இதுங்களோட சேத்து வளக்கணும். அதுங்க பிள்ளைங்களைத்தான் ஆத்துல விடலாம்.”

“எத்தனை வருஷம்?”

“ஆறேழு ஆகும்.”

“அதுக்குள்ள நான் வீட்டுக்குப் போயிருப்பேன். இருப்பேனோ மாட்டேனோ.” குஞ்சுகளை ஆற்றுக்குத் திறந்துவிடும் மதகுச் சாவியை அவர் விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே இருந்தார். “ஒரே ஒரு தடவை பாத்துட்டா போதும் மேடம். இந்த ஆடிக்கு இதுங்களை விட்டா, நான் பாத்துருவேன்ல?”

“பாத்துருவீங்க அண்ணே. உங்களுக்குப் பெறகு யாரும் பாக்க மாட்டாங்க.”

சாவி சுற்றுவது நின்றது.